இருக்கா, இருக்குமா?

என் முதல் மேலதிகாரிக்கு ஓர் எழுத்தைக் கண்டாலே ஆகாது. ‘ம்’ என்கிற எழுத்து. பதினெட்டு மெய்யெழுத்துகளில் யார் வம்புக்கும் போகாமல் சொல்லின் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளும் எழுத்து அது. அதை எங்கள் வாயிலிருந்து பிடுங்கி எடுப்பதையே அவர் பாதி வேலையாக வைத்திருந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை, என் பெயரைக்கூடக் கேட்காமல், “பின்கதவு பூட்டியிருக்கா?” என்றார்.

“பூட்டியிருக்கும் மேடம்.”

“இருக்கா, இருக்குமா?”

எனக்குப் புரியவில்லை. “இருக்கும்...” என்று மறுபடியும் இழுத்தேன்.

“போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு.”

அறைக்கு வெளியே இருந்த நீண்ட நடைபாதையின் கடைசிவரை போனேன். கதவை இழுத்துப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. திரும்பி வந்து, “பூட்டியிருக்கு மேடம்” என்றேன், கொஞ்சம் முறைப்பாகவே.

“இது பதில். மொதல்ல சொன்னது ஜோசியம்” என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

‘ம்’ என்றாலே பிடித்துக்கொள்வதால் எல்லோரும் அவரை இம்மன்னா என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால்தான், முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. அந்தப் பெயரை வைத்தவர் கழுவும் அறையில் இருந்த நுரை அண்ணன். எந்நேரமும் முழங்கைவரை சோப்பு நுரையோடு நிற்பதால் அவருக்கு அந்தப் பெயர். கழுவும் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. மேடம் வருவதைப் பார்த்தால் நுரை அண்ணன் அதைத் தட்டி, “இம்மன்னா வருது, வாயைக் கழுவிக்கோங்க” என்பார்.

பெரிய மருத்துவமனை ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்தது எங்கள் இடம். மேலே ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்கள் பயன்படுத்திய கத்தி, கத்தரி, கொக்கி எல்லாம் ரத்தத்தோடு கீழே வரும். நுரை அண்ணன் கழுவி ஜன்னல் வழியாகத் தள்ளுவார். நாங்கள் துடைத்து, எண்ணி, பெட்டியில் அடுக்கி, நீலத் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி நீராவி இயந்திரத்துக்குள் வைப்போம். அந்த இயந்திரத்தை நாங்கள் குக்கர் என்போம். அதுவும் குக்கர் போலத்தான் சீறும், ஆனால் உள்ளே ஓர் ஆள் படுக்கலாம்.

எங்கள் மேசைக்கு வருவதிலேயே பொல்லாதது கிளிப். பார்க்கக் கத்தரிக்கோல் மாதிரி இருக்கும், ஆனால் வெட்டாது, கடிக்கும். வெட்டிய ரத்தக்குழாயைப் பிடித்து நிறுத்தி வைக்கும் இடுக்கி அது. வயிற்று ஆபரேஷன் பெட்டியில் இருபது கிளிப். இருபதையும் ஒரு நீளக் கம்பியில் கோர்த்து வைப்போம். ஒவ்வொன்றையும் தொட்டு, திறந்து மூடி, ‘டக்’ என்ற சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த எண்ணைச் சொல்ல வேண்டும். முதலில் நான் எண்ணிக் கையெழுத்துப் போடுவேன். அப்புறம் மேடம் எண்ணிக் கையெழுத்துப் போடுவார். இரண்டு கையெழுத்து இல்லாத பெட்டி குக்கருக்குள் போகாது.

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஒளிவுமறைவு என்ன, சுத்தமாகவே பிடிக்கவில்லை. நாலாம் நாள், நான் சரியாகக் கட்டிய பெட்டியை, “எல்லாம் இருக்கும் மேடம்” என்று சொன்ன ஒரே குற்றத்துக்காகப் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். எல்லாமே இருந்தது. “பாத்தீங்களா மேடம்?” என்றேன். “நான் பாத்தேன். நீ இப்பதான் பாக்கிற” என்றார். அன்று கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு, கண்ணாடியைப் பார்த்து அவரை மாதிரியே மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பழிப்புக் காட்டினேன். அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை.

அவருக்கு ஐம்பதுக்கு மேல் வயது. குள்ளம். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மாலையில் கிளம்பும்போது ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்வார்: “குக்கர அணைச்சுட்டேன். தண்ணிய மூடிட்டேன். பூட்டிட்டேன்.” யாரிடம் சொல்கிறார் என்றே தெரியாது. சாவிக்கொத்தைக் கோட்டுப் பைக்குள் போட்டு வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் படியேறுவார்.

வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம்தானே என்று நீங்கள் கேட்கலாம். போயிருப்பேன். வீட்டில் எனக்கு ஒரு பொறி வைத்திருந்தார்கள். என் பெரியம்மா மகளுக்கு இரட்டைக் குழந்தைகள். இரண்டும் ஒன்று மாற்றி ஒன்று அழும். அவர்களைப் பார்த்துக்கொள்ள வெளியூருக்கு ஓர் ஆள் தேவை. குடும்பத்தில் சும்மா இருக்கும் பெண் யார் என்று எல்லோரும் சுற்றிப் பார்த்தபோது, எல்லார் கண்ணும் என் மேல் வந்து நின்றது. நான் சண்டை போட்டு வாங்கிய தவணை இது: மூன்று மாதம் இந்த வேலையில் தாக்குப்பிடித்தால் நிரந்தரமாக்குவார்கள், நான் வீட்டிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு இரட்டையர்களிடம் போக வேண்டும். “பாப்போம்” என்றார் அப்பா. அந்தப் பாப்போமுக்குள் இருந்த சந்தேகம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இம்மன்னாவோடு நாளைத் தள்ளினேன்.

எண்பத்தோராம் நாள், ஒரு புதன்கிழமை. வயிற்றுப் பெட்டி என் முன்னால் இருந்தது. கிளிப்களை எண்ணிக்கொண்டிருந்தேன். டக், பன்னிரண்டு. டக், பதின்மூன்று. டக், பதினாலு. சுவரில் இருந்த போன் அடித்தது. நுரை அண்ணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “உனக்குத்தான், உங்க அம்மா” என்றார்.

அம்மா எடுத்த எடுப்பிலேயே, “பெரியம்மா கேக்கறாங்கடி. ஞாயித்துக்கிழமை அவங்க ஊருக்கு ஒரு வண்டி போகுதாம், உன்னையும் ஏத்தி அனுப்பலாமான்னு” என்றார்.

“எனக்குத்தான் வேலை இருக்கும்மா!”

“இருக்குமாவா? அப்ப உனக்கே சந்தேகமா இருக்கா?”

“ஐயோ அம்மா, இருக்கு! வேலை இருக்கு! நீ போன வை!”

காது சுட்டது. இரண்டு நிமிடம் அம்மாவோடு கத்திவிட்டு மேசைக்குத் திரும்பினேன். கம்பியில் கிளிப்கள் வரிசையாக மின்னிக்கொண்டிருந்தன. எதில் விட்டேன்? பதினாலு என்பது ஞாபகம் இருந்தது. எந்தக் கிளிப் பதினாலு என்பது ஞாபகம் இல்லை. முதலிலிருந்து எண்ண வேண்டும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. குக்கரில் ஏற்ற ஐந்து பெட்டிகள் காத்திருந்தன. கம்பியைப் பார்த்தேன், வழக்கமான நீளத்துக்கு நிறைந்துதான் தெரிந்தது. இருபது இருக்கும். எப்படியும் மேடம் எண்ணுவார். கையெழுத்தைப் போட்டுப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன்.

நான் துணி எடுக்கத் திரும்பிவிட்டு வந்தபோது அவருடைய கையெழுத்தும் விழுந்திருந்தது. பெட்டி குக்கருக்குள் போனது. அதோடு நான் அதை மறந்தும் போனேன்.

மறுநாள் மதியம் இரண்டு மணி இருக்கும். (பாருங்கள், இன்றைக்கும் எனக்கு அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை.) மேடமே போனை எடுத்தார். மேலே தியேட்டர் சிஸ்டர் பேசினார். அந்த அம்மாவின் குரல் அடுத்த தெருவுக்கே கேட்கும், எங்களுக்குக் கேட்காதா?

“மேடம், நேத்து நீங்க கட்டுன வயித்துப் பெட்டி. கிளிப் பத்தொம்பதுதான் இருக்கு.”

“ஆரம்பிக்கும்போது எத்தன எண்ணுனீங்க?”

“எண்ணல மேடம். பஸ் டிரைவர் ஒருத்தர், ஸ்டியரிங் வயித்துல குத்தி ரத்தம் கொட்டக் கொட்டக் கொண்டுவந்தாங்க. எண்ண நேரமில்ல. உங்க தாள்ல இருபதுன்னு இருந்துச்சு, ரெண்டு கையெழுத்தும் இருந்துச்சு, அதையே எடுத்துக்கிட்டோம்.”

“வயிறு தெறந்துதான இருக்கு?”

“தையல் போட ஊசி எடுத்தாச்சு. தியேட்டர் பூரா தேடிட்டோம். துணி, பக்கெட்டு, மேசைக்கு அடி, எங்கயும் இல்ல.”

பின்னால் சர்ஜன் கத்துவது கேட்டது: “கீழயே ஒண்ணு கொறச்சு வச்சிருப்பாங்க! அப்படின்னு எழுதிக் குடுக்கச் சொல்லு, நான் மூடிடறேன்! இந்த ஆள இதுக்கு மேல மேசையில வச்சிருக்க முடியாது!”

மேடம் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும்.

“இருபது இருந்துச்சா, இருந்திருக்குமா?”

நான் என்னென்ன நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ‘இருந்துச்சு’ என்று சொன்னால் நான் சரியாக எண்ணியவள். ‘பத்தொன்பதுதான்’ என்றால் என் தப்பு, ஆனால் சர்ஜன் வயிற்றைத் தைத்துவிடுவார். ஒருவேளை கிளிப் உள்ளே இருந்தால், அதோடு சேர்த்துத்தான் தைப்பார். ஒன்பதே நாள்தான் பாக்கி. இரட்டையர்கள் இரண்டும் என் காதுக்குள் அழுதன. ‘இருந்துச்சு’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“தெரியல மேடம்” என்றேன். “பதினாலுல போன் வந்துச்சு. அப்புறம் எண்ணல.”

திட்டப் போகிறார் என்று தோளை இறுக்கிக்கொண்டேன். அவர் திட்டவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நொடி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டிக்குக் கடைசிக் காவல் அவர்தானே, அவர் எண்ணியிருப்பாரே, ஏன் இப்படி நிற்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

போனில், “கீழ எத்தன வச்சோம்னு எங்களுக்குத் தெரியாது. அதனால மூடக்கூடாது. எக்ஸ்ரே படம் எடுங்க. நான் மேல வர்றேன்” என்றார். என்னிடம், “நீயும் வா” என்றார்.

நான்கு மாடி. லிஃப்டுக்கு நிற்காமல் படியேறினார். அவருக்கு மூச்சு வாங்கியது. தியேட்டர் வாசல் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆணுடைய ஒரு ஜோடி ஷூ. லேஸ் இரண்டையும் கத்தரியால் வெட்டித்தான் கழற்றியிருந்தார்கள், நறுக்கிய நுனிகள் தொங்கின. டிரைவரின் மனைவி என்று கேட்காமலே புரிந்தது.

சர்ஜன் கையுறையோடு கதவுவரை வந்தார். முகமூடிக்கு மேல் இருந்த கண் இரண்டிலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மேடம் அவர் மார்பு உயரத்துக்குத்தான் இருந்தார்.

“படம் எடுக்கிற மெஷின் அடுத்த கட்டடத்துல இருக்கு. கொண்டுவந்து, எடுத்து, பாக்கறதுக்குள்ள இருபது நிமிஷம். அந்த ஆளுக்கு நாடி விழுந்துட்டு இருக்கு. மயக்கம் குடுக்கிற டாக்டரக் கேளுங்க, இருபது நிமிஷம் தாங்குவானான்னு அவராலயே சொல்ல முடியல. எண்ணத் தெரியாம நீங்க பண்ணுன தப்புக்கு அவன் சாகணுமா?”

“தப்பு எங்களோடதா இருக்கலாம், டாக்டர். கிளிப் அவர் வயித்துல இருக்கலாம். ரெண்டுல எதுன்னு உங்களுக்கும் தெரியாது.”

“படத்துல ஒண்ணும் இல்லன்னா? அந்த இருபது நிமிஷத்துக்கு யார் பதில் சொல்வா? நீங்க சொல்வீங்களா?”

“சொல்றேன்.”

‘சொல்வேன்’ என்று சொல்லவில்லை. ‘சொல்றேன்’ என்றார், அப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டவரைப் போல. சர்ஜன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே திரும்பி, “மெஷினக் கொண்டுவரச் சொல்லு!” என்று கத்தினார். கதவு மூடிக்கொண்டது.

அந்த இருபது நிமிடத்தை என்னால் இன்றும் நிமிடம் நிமிடமாகச் சொல்ல முடியும். நடையின் கோடியில் மெஷினின் சக்கரம் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. நடுவில் நின்றது. லிஃப்ட் கதவில் இடித்துக்கொண்டு வெளியே வர மறுத்ததாம், இரண்டு பேர் சாய்த்துத் தூக்கி இறக்கினார்கள். மேடம் சுவரில் சாயாமல் நின்றார். கோட்டுப் பையை வெளியிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தார், சாவி அங்கேதான் இருந்தது.

படத்தில் ஒன்றும் இல்லாமல் போனால்? கிளிப் எங்கள் மேசைக்குக் கீழே, குப்பைக் கூடையில், வேறு பெட்டியில் இருந்தால்? நான் ஒரு போனில் கத்தியதற்காக ஒரு மனுஷன் திறந்த வயிற்றோடு உள்ளே கிடக்கிறான். கிளிப் அவன் வயிற்றுக்குள் இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். எவ்வளவு கேவலமான வேண்டுதல் என்று தெரிந்தேதான் வேண்டிக்கொண்டேன்.

டிரைவரின் மனைவி என் கோட்டைப் பிடித்தாள். “நீங்க இங்கதான வேலை செய்யறீங்க? என்னமோ மெஷினெல்லாம் போகுதே. அவருக்கு ஒண்ணும் ஆகாதில்ல? எல்லாம் சரியா இருக்குமா?”

யார் கேட்டாலும் அப்படித்தானே சொல்வோம், எல்லாம் சரியா இருக்கும், கவலைப்படாதீங்க என்று? என் வாய் திறந்தது. அந்த வார்த்தை வரவில்லை.

“தெரியலக்கா” என்றேன். “ஒரு சாமான் குறையுது. உள்ள இருக்கான்னு படம் எடுத்துப் பாக்கறாங்க. பாக்காம மூட வேண்டாம்னு நிறுத்தி வச்சிருக்காங்க.”

அவள் அழவில்லை. “பாக்கறாங்கல்ல?” என்றாள்.

“பாக்கறாங்க.”

“சரி” என்று சொல்லி ஷூவை இறுக்கிக்கொண்டாள்.

கதவு திறந்தது. தியேட்டர் சிஸ்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியபடி வந்தார். ஊருக்கே கேட்கும் அந்தக் குரல் அன்று ரகசியம் மாதிரி வந்தது.

“இருக்கு மேடம்.”

கல்லீரலுக்குக் கீழே, குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததாம். எடுத்துவிட்டார்கள். டிரைவரின் நாடியும் விழாமல் நிலைக்கு வந்தது. சாயந்திரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறந்து, ஷூ எங்கே என்று கேட்டாராம்.

நாங்கள் கீழே வருவதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் இறங்கிவிட்டது. நுரை அண்ணன் நுரையோடே ஓடிவந்து, “மேடம், பெரிய டாக்டருக்கு மூக்கறுந்து போச்சாமே!” என்று குதித்தார். மருத்துவமனைத் தலைவர் போன் பண்ணிப் பாராட்டினார். நடந்ததை ஒரு தாளில் எழுதி அனுப்பும்படியும், எல்லோர் முன்னாலும் மரியாதை செய்யப்போவதாகவும் சொன்னார். எனக்குக் கால் தரையில் படவில்லை. நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மேடம் முதல்முறையாக ஸ்டூலில் உட்கார்ந்தார். அறிக்கைத் தாளை எடுத்து எழுதினார். எழுதி முடித்து என் பக்கம் திருப்பினார். அதில் ‘முதல் எண்ணிக்கை’ என்ற இடம் காலியாக இருந்தது. ‘இரண்டாம் எண்ணிக்கை’ என்ற இடத்தில் அவர் கையெழுத்தில், ‘நான் எண்ணவில்லை. எண்ணாமலே கையெழுத்திட்டேன்’ என்று இருந்தது.

நான் இரண்டு தடவை படித்தேன்.

“நீங்க எண்ணலையா மேடம்?”

“இல்ல.”

“ஏன்?”

“அஞ்சு பெட்டி காத்துட்டு இருந்துச்சு. எண்பது நாளா நீ ஒரு தடவகூடத் தப்பா எண்ணல. நீ எண்ணியிருப்பேன்னு நெனச்சேன்.”

“நீங்க எண்ணியிருப்பீங்கன்னு நான் நெனச்சேன்.”

அந்த இரண்டிலும் ‘ம்’ கிடையாது. ஆனால் இரண்டும் அதே ஜாதி.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை நாள் என்னைக் கதவுக்கும் மேசைக்கும் ஓடவிட்டவர், எண்ணவில்லையாம். அதைவிடப் பெரிய கோபம், அதைத் தாளில் எழுதியதுதான்.

“கிழிச்சுப் போடுங்க மேடம். கிளிப் கெடச்சுடுச்சு. அப்ப இருபது இருந்துச்சுன்னுதான அர்த்தம்? யாரு கேக்கப் போறாங்க?”

“இருபது இருந்துச்சு. ஆனா அது நாம எண்ணித் தெரிஞ்சுக்கிட்டது இல்ல.”

“உங்க வேலை போயிடும்!”

“போகலாம்.”

“என் வேலையும் போயிடும்! உங்களுக்கென்ன, நான் அந்த ரெட்டைப் பிள்ளைங்ககிட்டப் போய்ச் சாகணும்!” அவருக்கு இரட்டையர்கள் கதையே தெரியாது. நான் பாட்டுக்குக் கத்தினேன்.

அவர் கேட்டுக்கொண்டார். ஆறுதல் சொல்லவில்லை. “உன் வேலை போகாதுன்னு நான் சொல்ல முடியாது. அது எனக்குத் தெரியாது. என் வரிய நான் எழுதிட்டேன். உன் வரி உன்னோடது. இருபதுன்னு எழுதுனாலும் நான் உன்னைக் காட்டிக்குடுக்க மாட்டேன்” என்றார். பேனாவைத் தாளின் மேல் வைத்துவிட்டு எழுந்து குக்கர் பக்கம் போனார்.

காலியான அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது என்று எழுதினால் உலகத்தில் ஒருவராலும் என்னைப் பொய்க்காரி என்று சொல்ல முடியாது. கிளிப்பே சாட்சி. நான் வாழ்க்கையில் எழுதியதிலேயே சுலபமான பொய்யாக அது இருந்திருக்கும். மேலே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளின் மடியில் இருந்த ஷூ ஞாபகத்துக்கு வந்தது. தாளில் இருந்த இரண்டு கையெழுத்தை நம்பித்தானே மேலே யாரும் எண்ணவில்லை?

பேனாவை எடுத்து, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதினேன்: ‘பதினாலு வரை எண்ணினேன்.’

மரியாதை செய்யும் நிகழ்ச்சி நடக்கவில்லை. விசாரணை நடந்தது. தியேட்டரில் எண்ணாதவர்களுக்கும் எழுத்தில் எச்சரிக்கை போனது. எனக்கு நிரந்தரம் தள்ளிப்போனது, இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டி நான் இல்லாமலே கிளம்பியது. அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அதில் எனக்கு லாபம்தான், பெரியம்மா பேச்சும் எடுபடவில்லை. மேடத்தைத் தலைமைப் பொறுப்பிலிருந்து இறக்கி, சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, அடுக்கும் மேசைக்கு அனுப்பினார்கள். பதினெட்டு வருடம் அந்த அறையை ஆண்டவர், என் பக்கத்து ஸ்டூலுக்கு வந்தார். எங்கள் அறைக்குப் புதிதாக வந்த தலைவர் சிரித்த முகம், யாரையும் கடிய மாட்டார். எதைக் கேட்டாலும், “எல்லாம் சரியா இருக்கும், விடுங்க” என்பார். முதல் நாளே அதைக் கேட்டு நுரை அண்ணன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார்.

பொறுப்பிலிருந்து இறக்கியதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை மேடம் வெள்ளைக் கோட்டோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பழக்கத்தில் கோட்டுப் பையை ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. கையை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

முதல் பெட்டி வந்தது, வயிற்றுப் பெட்டி. முதல் எண்ணிக்கை இனி அவருடையது, இரண்டாவது என்னுடையது. அவர் கிளிப்களைத் தொட்டுத் திறந்து மூடி எண்ணினார். கையெழுத்துப் போட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் பேனாவை எடுத்தேன். அவர் எண்ணியதை நான் திரும்ப எண்ணுவதா? எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அந்த அளவுக்கு மரியாதை எனக்கும் தெரியும். பேனா தாளைத் தொடப் போகும்போது என் மணிக்கட்டை அவர் பிடித்தார்.

“எண்ணு.”

“நீங்க எண்ணிட்டீங்களே மேடம்...”

“எண்ணு.”

எண்ணினேன். அவர் எதிரில், அவர் எண்ணியதை, வாய்விட்டு எண்ணினேன். டக், ஒன்று. டக், இரண்டு. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். டக், பதினாலு. நிறுத்தவில்லை. சுவரில் போன் அடித்தது. நானும் எழுந்திருக்கவில்லை, அவரும் திரும்பவில்லை. அது அடித்து ஓய்ந்தது. டக், பத்தொன்பது. டக், இருபது.

“இருபது இருக்கு மேடம்” என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அடுத்த பெட்டியை இழுத்தார்.

“ம்” என்றார்.